சாவு விழாத காலை

கீழ்க்கணக்கு, பெரகல
18.09.2022

ரஜீவ் அண்ணனுக்கு,

விதுஷா எழுதுகிறேன். உன் நம்பருக்கு அடித்து அடித்து அலுத்துப் போனேன். இலக்கம் பாவனையில் இல்லை என்று சொல்கிற அந்தப் பெண்ணின் குரல் இப்போது எனக்குச் சொந்தக்காரி குரல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் புஹாரி நானாதான் இந்த விலாசத்தைக் கொடுத்தார். அவருக்கு யார் கொடுத்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதில் எழுதினால் சந்தியில் இருக்கிற அவருடைய கடை விலாசத்துக்கே எழுது. தோட்டத்து ஒபிசுக்கு எழுதிவிடாதே. அங்கே வருகிற கடிதத்தை மேசையில் வைத்து, யாருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி பண்ணிவிட்டுத்தான் லயத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

உன் மச்சான், என் புருசன், இன்னும் பதுளைச் சிறையில் விளக்கமறியலில்தான் இருக்கிறார். உனக்கு இது தெரியுமா? உன் விடியல் அணிக்காரர்கள் சொல்லியிருந்தால் பெரகலையில் வெற்றி என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அன்று போராட்டத்தில் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்ததும் சந்தியில் நின்ற சனம் நாலு பக்கமும் சிதறியது. நீ கொழும்பிலிருந்து கூட்டிவந்த தோழர்களோடு லொறியில் ஏறிப் போய்விட்டாய். எங்கள் லயத்துக் கருப்பம்மா அத்தை புகையில் கண் தெரியாமல் பாதையோரத்துக் கல்லுக்கட்டிலிருந்து கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருடைய மனுசன் சிவஞானம் மாமா எழுந்து நடக்க முடியாதவர் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் அடுத்த வீட்டார்தான் போக வேண்டும். அடுத்த நாளே பொலிஸ் வந்து உன் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனது.

வழக்கு என்ன தெரியுமா? சாவு விழாத தோட்டத்தில் சாவுத் தப்பு மேளம் அடித்து, வேலையில் நின்றவர்களை ஏமாற்றி இறக்கி, ஒரு உயிர் போகக் காரணமாக இருந்தாராம். அவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை அண்ணா. அதற்கு முதல் நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில், சந்திக்குப் போகிறவர்கள் இனிமேல் பெரட்டுக்கு வர வேண்டாம் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். இனிப் போராட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று உனக்குத் தெரிந்துபோனது. சாவுத் தப்பு கேட்டால் மட்டும் மலையில் நிற்கிறவர்கள் தேயிலைக் கொழுந்தைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு இறங்குவார்கள், கங்காணியும் தடுக்க மாட்டார், துரையும் கேட்க மாட்டார் என்பதும் உனக்குத் தெரியும். இந்த லயத்தில் பிறந்தவனுக்குத்தான் அந்த யோசனை வரும். எங்கள் வாசலில் வந்து நின்று, "மச்சான், ஒரே ஒரு தடவ. எனக்காக இல்ல, சனத்துக்காக" என்றாய். என் காதால் கேட்டேன்.

பிணை கேட்கப் போன சட்டத்தரணி சொல்கிறார்: அடிக்கச் சொன்ன ஆள் வந்து, நான்தான் சொன்னேன் என்று நீதவான் முன்னால் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் இவருடைய வழக்கு இளகிவிடும். அப்படி ஒருவரும் வராவிட்டால் எல்லாப் பாரமும் இவர் தலையில்தான்.

வா அண்ணா. வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போ. வேறு ஒன்றும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

விதுஷா


09.10.2022

அன்புள்ள விதுஷா,

உன் கடிதம் கிடைத்தது. இருக்கும் இடத்தை நான் எழுத முடியாது. கைத்தொலைபேசி வைத்திருக்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை.

சுரேஸின் கைது எனக்குத் தெரியும். அது தனி ஒரு மனிதன் மீதான வழக்கு அல்ல என்பதை முதலில் நீ விளங்கிக்கொள்ள வேண்டும். ஜூலையில் நடந்தது என்ன? ஆட்சியில் இருந்தவர்களை மக்கள் வீதிக்கு வந்து துரத்தினார்கள். அது முடிந்ததும் பெரிய கட்சிகள் எல்லாம் போதும், இனிப் பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போய்விட்டன. போதாது என்று சொன்னவர்கள் நாங்கள் மட்டும்தான். கொழும்புப் போராட்டக் கூடாரங்களுக்குள் மாதக் கணக்காக மலையகம் என்ற சொல்லே கேட்கவில்லை. மேடையில் ஏறி, தோட்டத்து மக்களுக்குக் காணியும் இல்லை முகவரியும் இல்லை என்று பேச வைத்தது எங்கள் அணி. தோட்டங்களும் இறங்காவிட்டால் இந்தப் போராட்டம் நகரத்து மனிதர்களின் பெற்றோல் சண்டையாக முடிந்துவிடும் என்று கமிட்டியில் வாதாடியவன் நான். பெரகலை அந்த வாதத்தின் விளைவு. கருப்பம்மா தோழரின் தியாகம் வீணாகாது.

நான் வந்து வாக்குமூலம் கொடுத்தால் அது என்னோடு நிற்காது. யார் முடிவெடுத்தது, எங்கே கூடினீர்கள், யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். ஏற்கெனவே பலர் உள்ளே இருக்கிறார்கள். ஒருவரும் சரணடையக்கூடாது என்பது அணியின் முடிவு. தனி மனிதனாக நான் அதை மீற முடியாது.

பண்டாரவளையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி இருக்கிறார். புஹாரி நானாவிடம் பெயரைச் சொல்லியிருக்கிறேன், போய்ப் பார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

குழந்தை கிருஷிகா நடக்கிறாளா? பல் முளைத்துவிட்டதா?

தோழமையுடன்,
ரஜீவ்


கீழ்க்கணக்கு
22.10.2022

அண்ணா,

கடிதத்தை எரிக்கவில்லை. அடுப்பு மூட்ட வேறு காகிதம் வீட்டில் இருக்கிறது.

கருப்பம்மா அத்தையைத் தோழர் என்று எழுதியிருக்கிறாய். உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிட்டாயா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் மூக்கைச் சிந்திவிட்ட மனுசி அவர். செத்தபிறகு பதவி கொடுக்கிறீர்கள். அவருடைய மகள் விஜயலெட்சுமியிடம் இந்த வரியைப் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். அவள் கொழும்பு வெள்ளவத்தையில் செய்த வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து அப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழாயடியில் நான் வந்தால் அவளுடைய குடம் நிறையாமலே தூக்கிக்கொண்டு போகிறாள். லயத்தில் மற்றவர்களும் வாய்விட்டு ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் என் காதில் விழுகிற மாதிரிப் பேசிக்கொள்வார்கள்: "ஆளு சாவாம சாவு அடி அடிச்சா சும்மா விடுமா? ஆளத் தேடி வந்திருச்சு பாரு." இதைக் கேட்டுக்கொண்டுதான் நான் வேலை செய்கிற பிள்ளைக்காம்பராவில், அவர்கள் மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற அவர்களுடைய குழந்தைகளுக்கே பால் கரைத்துக் கொடுக்கிறேன்.

உன் ஆட்களைப் பற்றி நல்லதே சொல்ல மாட்டேன் என்று நினைக்காதே. கோதுமை மா கண்ணால் காண முடியாத நாட்களில் எங்கள் தொழிற்சங்கத் தலைவர்மார் ஒருவராவது எட்டிப் பார்த்தார்களா? உன் அணிப் பொடியன்கள்தான் மா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். சிங்களப் பொடியன்கள், தமிழில் இரண்டு சொல் தெரியாது, லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக நின்று பங்கு வைத்தார்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அன்று வாசலில் நீ நின்றபோது நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இவர் அடித்திருக்க மாட்டார் என்று இப்போதும் நினைத்து அழுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தப்பு அடிப்பது அடிமை வேலை என்று அப்பாவோடு சண்டை பிடித்தவன் யார்? அப்பாவுடைய தப்பைத் தூக்கி ஆற்றில் எறிந்தவன் யார்? தப்படிக்கிறவனுக்குத் தங்கச்சியைக் கட்டிக் கொடுக்க மாட்டேன் என்று என் கலியாணத்துக்கு வராமல் இருந்தவன் யார்? நான்கு வருசம் நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. கிருஷிகா பிறந்ததற்கும் வரவில்லை. மிதித்தது அந்தத் தப்பைக் கேட்டுத்தான். இவருக்கு அன்று எவ்வளவு சந்தோசம் தெரியுமா? "ஒங்க அண்ணன் என்னைய மச்சான்னு கூப்பிட்டான்டி" என்று தப்பைச் சூடு காட்டிக்கொண்டே சொன்னார். மச்சான் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ சொன்ன சட்டத்தரணியைப் பார்த்தேன். நல்ல மனிதர். அவரும் அதையேதான் சொல்கிறார். அந்த ஆள் வர வேண்டும்.

நாளை மறுநாள் தீபாவளி. பலகாரம் ஒன்றும் இல்லை. கிருஷிகாவுக்குப் பல் முளைத்துவிட்டது, அப்பாவைப் பார்க்கப் போன இடத்தில் கம்பியைக் கடிக்கிறாள்.

விதுஷா


27.11.2022

விதுஷா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். மற்றத் தோழர்கள் ஒரே அறையில் இருக்கும்போது எழுதுவதும் கஷ்டம்.

கலியாணத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் சுரேஸை வெறுத்ததில்லை. சாவு வீட்டில் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் சாக்கில் உட்கார்ந்து சாராயத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடித்ததைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சிரட்டைக்கு இன்னொருவன் என் வீட்டுக்குள் வருகிறானே என்ற கோபம். அதை உன்மேல் காட்டினேன். பிறகு கொழும்பில் போராட்டக் களத்தில் யாரோ தப்பைக் கொண்டுவந்து மேடையில் அடித்தார்கள். படித்த பிள்ளைகள் சுற்றி நின்று ஆடினார்கள். இது எங்கள் ஆயுதம் என்றார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. அப்பாவுடைய தப்பை ஆற்றில் எறிந்தது ஞாபகம் வந்து அங்கேயே அழுதேன். பெரகலையில் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் வந்தது. உன்னை ஏமாற்றவோ அவனைப் பயன்படுத்தவோ நினைத்து வரவில்லை. மேட்டிலிருந்து சனம் அலையலையாக இறங்கியதை நீயும் பார்த்தாய். அப்படி ஒரு காட்சியை இனி என் வாழ்நாளில் பார்ப்பேனா தெரியாது.

கமிட்டியில் உன் கோரிக்கையை வைத்தேன். மறுத்துவிட்டார்கள். பிரியங்கர தோழர் கடுமையாகப் பேசினார். ஒரு குடும்பப் பிரச்சினைக்காக அமைப்பைக் காட்டிக் கொடுக்கப் பார்க்கிறாய் என்றார். அவரும் கொடுமைக்காரர் அல்ல, மூன்று தடவை சிறைக்குப் போனவர், அடி வாங்கி ஒரு காது கேட்காமல் போனவர். அவர் சொல்லும்போது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அணி இரண்டாகிவிட்டது. தேர்தலில் நிற்கலாம் என்கிறவர்கள் ஒரு பக்கம், அது துரோகம் என்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்தாரும் பெரகலையைச் சொல்லித்தான் சண்டை பிடிக்கிறார்கள். அது பொறுப்பில்லாத சாகசம் என்று ஒருவர் கட்டுரை எழுதுகிறார். அதுதான் எழுச்சியின் உச்சம் என்று இன்னொருவர் பதில் எழுதுகிறார். இரண்டிலும் சுரேஸின் பெயர் இல்லை. ஒன்றில் தோட்டத்துக் கலைஞர் ஒருவர் என்று இருக்கிறது. மற்றதில் அதுவும் இல்லை. நான் போய்ப் பெயரைச் சேருங்கள் என்றேன். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். பொலிஸ் பிடித்து வைத்திருக்கிற ஆளுடைய பெயரை யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நாள் பொறு. எப்படியாவது ஒரு வழி பார்க்கிறேன்.

அண்ணன்


கீழ்க்கணக்கு
17.01.2023

அண்ணா,

பொங்கல் முடிந்து இவரைப் பார்க்கப் போனேன். ஹப்புத்தளையில் பஸ் மாறி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது நேரம் முடியப் போகிறது என்றார்கள். மெலிந்துபோய்விட்டார். அண்ணன் சொல்லித்தான் அடித்தேன் என்று சட்டத்தரணியிடம் எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கிருஷிகாவின் விரலையே பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அதெல்லாம் இப்ப எதுக்கு விதுஷா? கூரத் தகரத்துல ஒழுகுதே, அத யாரும் பாத்தாங்களா?" என்றார். உன்னைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். உனக்கு இருக்கிற கட்டுப்பாடு அவருக்கும் இருக்கிறது பார். அவருக்குக் கமிட்டி கிடையாது, அவ்வளவுதான்.

மார்ச் 14 பண்டாரவளை நீதிமன்றத்தில் தவணை. அன்று நீ வராவிட்டால் வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு வருசக் கணக்காக இழுக்கும் என்று சட்டத்தரணி சொல்கிறார்.

பொறு என்று எழுதினாய், பொறுத்தேன். இனிமேல் கேட்க மாட்டேன். வந்தால் வா. வராவிட்டால் கிருஷிகாவுக்கு மாமன் என்று ஒருவன் இருந்தான் என்பதை நான் சொல்லாமலே வளர்ப்பேன்.

விதுஷா


26.02.2023

விதுஷா,

வருகிறேன்.

கமிட்டியைக் கேட்காமல் வருகிறேன். நேற்றுப் பிரியங்கர தோழரிடம் மட்டும் சொன்னேன். கேட்காத காதை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். இன்று காலையில் அணியின் இரண்டு பக்கத்தாரும் என்னை விலக்கியதாக அறிவித்துவிட்டார்கள். பிரிந்த பிறகு அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து எடுத்த முதல் முடிவு இதுதான். பொலிசுக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறவன் என்று எழுதியிருக்கிறார்களாம். பத்து வருசம் கூடப் படுத்து எழுந்தவர்கள் விதுஷா. ஒருவன் நான் வெளியேறும்போது என் செருப்பை எடுத்து வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

வேறு யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன். நான் சொன்னேன், சுரேஸ் அடித்தான், அவனுக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. இவ்வளவுதான் சொல்வேன். அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அண்ணன்


பதுளை
26.03.2023

அன்புள்ள விதுஷாவுக்கு,

இங்கே சிறையில் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

நீயும் நீதிமன்றத்தில் இருந்தாய். நான் சொன்னதைக் கேட்டாய். பிறகு சுரேஸ் கூண்டுக்குள் எழுந்து நின்று, "மச்சான் சொல்றது பொய்யிங்க. என்னைய யாரும் அடிக்கச் சொல்லல. நானாத்தான் அடிச்சேன்" என்று சொன்னதையும் கேட்டாய். நீ எழுந்து "ஏங்க?" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. உன்னை வெளியே கூட்டிப்போய்விட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

வண்டியிலேயே அவனை உலுக்கிக் கேட்டேன். இங்கே வந்து ஒரு வாரம் வரை என்னோடு பேசவே இல்லை. போன வியாழக்கிழமை குளிக்கும் இடத்தில் வைத்துத் தானாகச் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன், உனக்கு அவன் குரல் தெரியும்.

"நீ கேட்ட மச்சான், நெசந்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா சாவு விழுந்தா ஆள் வந்து சொல்லுவான், அடிப்பேன். திருவிழான்னா சொல்லுவான், அடிப்பேன். சங்கத்துத் தலைவரு வந்தா மாலையப் போட்டுக்கிட்டு முன்னாடி போவாரு, நான் அடிச்சிக்கிட்டு பின்னாடி போவேன். எனக்குன்னு ஒருநாளும் அடிச்சதில்ல. அன்னைக்கு நீ கேட்டப்ப மொதல்ல மாட்டேன்னுதான் நெனச்சேன். சாவு விழாம அடிக்கிறது பாவம்னு எனக்குத் தெரியாதா? அப்பறம் ஒழுகுற தகரத்தப் பாத்தேன், புள்ளயப் பாத்தேன். மலையில நிக்கிற சனத்தெல்லாம் நெனச்சேன். செத்துத்தான கெடக்குறோம், அடிச்சா என்னான்னு நானாத்தான் நெனச்சேன். நீ மச்சான்னு கூப்பிடாம போடா வாடான்னாலும் அடிச்சிருப்பேன். மல முழுக்க எறங்கி வந்துச்சு மச்சான். என் கையால வந்துச்சு. நீ கோர்ட்ல நின்னுக்கிட்டு, நான் சொன்னேன் அடிச்சான், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ற. தொர சொல்றதும் அதேதான. அப்ப நான் யாரு?"

விதுஷா, எத்தனை கூட்டங்களில் மக்களே வரலாற்றை உருவாக்குகிறார்கள் என்று பேசியிருப்பேன். அந்த மக்களில் ஒருவன் என் எதிரில் துண்டோடு நின்று, நான்தான் உருவாக்கினேன் என்று சொன்னபோது நம்ப முடியவில்லை. கமிட்டி பெரகலை எங்களுடையது என்றது. நான் என்னுடையது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அது அவனுடையது. அவன் அதை விட்டுக்கொடுக்க மாட்டான். அடுத்த தவணையிலும் இதையே சொல்வான். நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

இப்போது ஒரே பாயில்தான் படுக்கிறோம். அவனுக்காகப் பெருமைப்படு என்று எழுத நினைத்தேன், எழுதக் கை வரவில்லை.

அண்ணன்


கீழ்க்கணக்கு
09.04.2023

அண்ணா,

உன் கடிதத்தைப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கும்போது படித்தேன். இதை அவருக்கும் படித்துக் காட்டு.

நான் யாரு என்று கேட்டாராம். நான் சொல்கிறேன். அவர் என் புருசன், கிருஷிகாவுக்கு அப்பன். இது போதாதா? போதாது போல இருக்கிறது. சரி. அவர் நெஞ்சில் இவ்வளவு இருந்தது என்பது எனக்கே தெரியாது. கூட வாழ்ந்த எனக்கு அவர் வாய் பேசாத மனிதர், அண்ணன் பேச்சில் மயங்கிவிட்டார் என்றுதான் தோன்றியது. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கோபமும் தீரவில்லை. நானாத்தான் என்ற அந்த ஒரு சொல்லைக் கோர்ட்டில் அவர் விழுங்கியிருந்தால் இன்றைக்குத் தகரத்தை அவரே மாற்றியிருப்பார்.

இரண்டு பேரும் அன்று நடந்தது யாருடையது என்று பேசுகிறீர்கள். உனக்கு ஒலிபெருக்கி இருந்தது, அவருக்குத் தப்பு இருந்தது. இரண்டு பேரும் மேட்டில் நின்று சனம் இறங்கியதைப் பார்த்தீர்கள். நான் கீழே பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றேன். சனம் எப்படி வந்தது என்று நான் பார்த்தேன். ஒருவரும் போராட வரவில்லை அண்ணா. யார் வீட்டில், யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வயசானவர்களையும் பிள்ளைகளையும் லயத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள் வேறு எப்படி வருவார்கள்?

கருப்பம்மா அத்தை கூடையைக்கூட இறக்காமல் ஓடி வந்தார். "என் மனுசன் போயிட்டாரே" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். சிவஞானம் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "என்னாடி இந்நேரத்துல வந்திட்ட, தேத்தண்ணி ஊத்து" என்றார். அத்தை வெளியே வந்து சிரிக்கிறார், அழுகிறார். கிருஷிகாவை என் இடுப்பிலிருந்து பறித்து முத்தம் கொடுத்தார். "சாகலடி விதுஷா! கல்லு மாதிரி உக்காந்திருக்காரு!" என்றார். நீ மேட்டில் நின்று சந்திக்குப் போவோம் என்று கத்தியது அப்போதுதான். அத்தை கூடையை என் வாசலில் வைத்தார். "இன்னைக்கு என்னா சொன்னாலும் செய்வேன்டி, போயிட்டு வாரேன்" என்றார். அந்தச் சந்தோசத்தில்தான் உங்களோடு வந்தார். காணியும் முகவரியும் அவர் மனதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. புருசன் சாகவில்லை என்பது மட்டும் இருந்தது.

இதை நான் இதுவரை விஜயலெட்சுமியிடம் சொல்லாமல் இருந்தேன். போன கிழமை குழாயடியில் அவளை மறித்துச் சொன்னேன். குடத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கடைசி நேரத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்போது அவள் தோட்டத்திலேயே பெயர் பதிந்து வேலைக்குப் போகிறாள், பகலில் மாமாவுக்குச் சோறு கொடுப்பது நான்.

மாமாவுக்கு என்ன விளங்கும், என்ன விளங்காது என்று சொல்ல முடியாது. ஆட்சி போனது தெரியாது, உன் அணி தெரியாது, வழக்கு தெரியாது. நேற்றுச் சோற்றைப் பிசைந்து கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள, அன்னைக்கு எனக்குத்தான அடிச்சாங்க? நான் போயிருந்தா அவ இருந்திருப்பாளே. எனக்கு அடிச்சத அவ எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இல்லை என்று நான் சொல்ல மாட்டேனா என்று.

அடுத்த கவளத்தை அவர் வாயில் வைத்தேன். இல்லை மாமா, உங்களுக்கு அடிக்கவில்லை என்று சொன்னால், யாருக்கு அடித்தார்கள் என்று அடுத்துக் கேட்பார். அதற்கு என்ன சொல்ல? நாட்டுக்கு என்றா, சனத்துக்கு என்றா, என் புருசன் தனக்காக அடித்தார் என்றா? எதைச் சொன்னாலும் மாமாவுக்கு விளங்காது. எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு வருவேன். ஒரே பார்சல்தான், இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிடுங்கள். அதற்கு முன்னால் ஒரே பாயில் உட்கார்ந்து அது யாருக்கு அடித்தது என்று பேசி முடிவெடுங்கள். முடிவை எனக்கு எழுத வேண்டாம். சிவஞானம் மாமாவுக்கு எழுதுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன்.

விதுஷா